மிட்லண்டுக்கு ஒரு ரேடியோ

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாயப் போனவரை, "இன்னிக்கு அதை மாட்டியே ஆகணுங்க" என்று எழுப்பிவிட்டது நான்தான். தூங்கப் போன மனுஷனை எழுப்பி, தூங்காமல் இருப்பதற்கான சாமானை மாட்டச் சொன்ன புத்திசாலி நான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

சாமான் என்பது ஒரு சாட்டிலைட் ரேடியோ. உள்ளங்கை அளவு பெட்டி, அதைக் காரில் நிறுத்திவைக்க ஒரு தாங்கி, ஒரு சார்ஜர் ஒயர், அப்புறம் அடியில் காந்தம் வைத்த சின்ன ஆன்டெனா. எங்கள் கார் பழையது. அதில் இந்த வசதியெல்லாம் கூடவே வரவில்லை.

என் வீட்டுக்காரர் மயில்சாமி பதினோரு மாதமாக, நாங்கள் குடியிருக்கிற ரவுண்ட் ராக்கிலிருந்து மிட்லண்டுக்குப் போய் வருகிறார். திங்கள்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்கு எண்ணெய்க் கம்பெனி வாசலில் நிற்பார். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் அதே ஐந்து மணி நேரம் திரும்ப ஓட்டுவார். அங்கே அவரை 'மைல்ஸ்' என்று கூப்பிடுகிறார்களாம். வாரம் அறுநூறு மைல் ஓட்டுகிறவருக்குப் பொருத்தமான பேர்தான். என் பேர் தென்றல், ஆனால் அவர் வாயில் எப்போதும் அம்மிணிதான். ஞாயிறு சாயங்காலமே போய்விடுங்கள் என்றால், வீட்டில் இருப்பதே மூன்று நாள், அதிலும் ஒன்றைப் பிடுங்காதே என்பார். வேறு வேலை பாருங்கள் என்றும் சொல்ல முடியாது. விசா கம்பெனியின் கையில், கம்பெனி கிளையன்ட்டின் கையில், கிளையன்ட் மிட்லண்டில். கிரீன் கார்டு வரிசை எங்கள் முறைக்கு வருவதற்குள் வெண்பாவுக்குப் பேத்தி பிறந்துவிடும். அவளுக்கு இப்போது பதினொன்று.

ஒரு மாதத்துக்கு முன்னால் தோசை சாப்பிட்டுக்கொண்டே பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்.

"ஈடன் ஊரைத் தாண்டி ஒரு செகண்ட் கண்ணு அசந்துட்டேன் அம்மிணி. ரோட்டோரத்துல கரகரன்னு ஒரு பட்டை போட்டிருப்பான்ல, அது மேல டயர் ஏறின சத்தத்துல முழிச்சுட்டேன். சட்னி இன்னும் கொஞ்சம் போடு."

சட்னிக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். அவரே எழுந்து போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து திங்கட்கிழமை நாலு மணிக்கு நானும் எழுந்து போனில் பேச ஆரம்பித்தேன். நான் என்ன பேசுகிறேன் என்பது முக்கியமில்லை, அவர் 'ம்' கொட்டுவதுதான் முக்கியம். என் தங்கை வீட்டுச் சண்டை, எங்கள் தெருச் சங்கம் புல் வெட்டச் சொல்லி அனுப்பிய மெயில், வெண்பாவின் கணக்கு டீச்சர் எல்லாம் பேசித் தீர்த்தாகிவிட்டது. ஆனால் லேனோ ஊரைத் தாண்டினால் சிக்னல் போய்விடும். அங்கிருந்து எத்தனையோ மைலுக்கு அவரும் அந்த நேர்கோட்டு ரோடும்தான். அவர் போய்ச் சேர்ந்து மெசேஜ் அனுப்புகிறவரை எனக்குக் காபி இறங்காது. எட்டு மணிக்கு என்னுடைய ஆபீஸ் மீட்டிங் வேறு, கேமராவில் முகத்தைக் காட்டிச் சிரிக்க வேண்டும்.

அதற்காகத்தான் ரேடியோ. வானத்திலிருந்து வருவதால் லேனோவிலும் கேட்கும், ஒன்றுமில்லாத பொட்டலிலும் கேட்கும். பாட்டுப் போட்டால் அவருக்குத் தாலாட்டு மாதிரி. ஆகவே, பந்தாட்டத்தைப் பற்றி மூன்று பேர் நாள் முழுக்கக் கத்திச் சண்டை போடுகிற சேனலைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். சண்டைக்கு நடுவே யாருக்குத் தூக்கம் வரும்?

கராஜுக்குப் போனோம். எங்கள் கராஜில் கார் நிற்கிற இடம் போக மீதியெல்லாம் அட்டைப்பெட்டி. டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, வெண்பா குழந்தையாக இருந்தபோது வாங்கிய கார் சீட்டின் பெட்டி, எல்லாம் மடிக்காமல் இருக்கும். என்றைக்காவது ஊருக்குத் திரும்பச் சொன்னால் எல்லாவற்றையும் அதனதன் பெட்டியில் போட்டு விற்க வேண்டுமாம். வந்த நாளிலிருந்து இப்படித்தான். சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை. எங்கள் கல்யாண போட்டோ இன்னும் தரையில்தான் சாய்ந்து நிற்கிறது.

ரேடியோவோடு வந்த புத்தகத்தை நான் முதல் நாளே படித்திருந்தேன். ஆன்டெனாவைக் காரின் கூரை மேல் வைக்க வேண்டும். ஓரத்திலிருந்து மூன்று அங்குலமாவது உள்ளே தள்ளி, மேலே எந்த மறைப்பும் இல்லாமல் வானம் தெரிய வேண்டும். ஒயரைப் பின்கதவு ரப்பருக்குள் செருகி, சீட்டுக்கு அடியில் கொண்டுவந்து முன்னால் சேர்க்க வேண்டும். துளை போடத் தேவையில்லை.

"மேல வேண்டாம் அம்மிணி" என்றார். "காந்தம் வச்சா பெயின்ட்ல ஸ்க்ராட்ச் ஆகும். டேஷ்போர்டு மேல வச்சுக்கலாம். கண்ணாடி வழியா வானம் தெரியுதுல்ல."

"புக்குல உள்ள வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க."

"அவன் அப்படித்தான் போடுவான். சிங்கிள் ஓனர், நோ ஸ்க்ராட்ச்னு குரூப்ல போட்டா இந்த வண்டி ஒரே நாள்ல போயிரும். நான் பதினோரு வருஷமா காப்பாத்தி வச்சிருக்கேன்."

குரூப் என்பது எங்கள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸப் குரூப். மாதத்துக்கு ஒரு குடும்பமாவது அதில் சோபாவையும் காரையும் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பும். நாங்கள் கிளம்பப் போவதில்லை. கிளம்புகிற மாதிரி வாழ்கிறோம், அவ்வளவுதான்.

சரி என்று விட்டேன். டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஆன்டெனாவை வைத்து, ஒயரை ஸ்டீரிங்குக்கு அடியில் சுருட்டி, ரேடியோவைப் போட்டார். சிக்னல் இல்லை என்று வந்தது. காரை வெளியே எடுத்து டிரைவ்வேயில் நிறுத்தினோம். ஒரு கோடு வந்தது, போனது. காரைத் திருப்பி நிறுத்தினார். பிள்ளையாரைத் தள்ளி வைத்தார். மறுபடியும் வந்தது, போனது. செப்டம்பர் கடைசியிலும் வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம் இத்தனை பெரிதாக இருந்ததை நான் அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தேன்.

"இப்படி வந்து வந்து போனா ஈடன் கிட்ட என்ன பண்றதுங்க?" என்றேன். "மேல வைங்க."

வீட்டுக்குள் போய் ஒரு பழைய பனியனை வெட்டி எடுத்து வந்தார். அதை நாலாக மடித்துக் கூரை மேல் போட்டு, அதன் மேல் ஆன்டெனாவை வைத்தார். நான் விரலால் லேசாகத் தொட்டதும் சர்ரென்று வழுக்கி ஜன்னல் பக்கம் தொங்கியது. எழுபத்தைந்து மைல் வேகத்தில் பனியன் ஒரு பக்கமும் ஆன்டெனா ஒரு பக்கமும் பறந்திருக்கும்.

"பாத்தியா, நிக்கல" என்றார், ஏதோ ஜெயித்தவர் மாதிரி.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். இருக்கட்டும். பனியனை உருவி எறிந்துவிட்டுக் கதவு விளிம்பில் ஏறி நின்று, ஆன்டெனாவைக் கூரையின் நடுவில் டக்கென்று வைத்தேன். தகரம் கையைச் சுட்டது. சுட்ட கோபமும் சேர்ந்துகொண்டது.

"ஸ்க்ராட்ச் ஆனா ஆகட்டும்! வண்டியக் காப்பாத்தி யாருக்கு விக்கப் போறீங்க? சுவர் இருந்தாத்தானுங்க சித்திரம். எனக்குப் பயமா இருக்குதுங்க. ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஒன்பது மணி வரைக்கும் நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன்."

அவர் பின்கதவைத் திறந்து ஒயரை ரப்பருக்குள் விரலால் அழுத்திச் செருக ஆரம்பித்தார். மெதுவாகத்தான் செய்தார், ஆனால் ஓர் இடத்தில்கூடப் பிதுங்காமல் செய்தார். எந்த வேலையையும் அரைகுறையாக விடத் தெரியாது. அதுதான் அவரை மிட்லண்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறது.

இப்போது மூன்று கோடும் வந்தது. ஆனால் சேனல் திறக்கவில்லை. போனில் பதிவு செய்து ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அப்புறம் மேலேயிருந்து அனுமதி இறங்க வேண்டும். கார் வெளியே நிற்க வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும், சில நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம் என்று போட்டிருந்தது. எங்களுக்கென்ன, எல்லாமே அப்ரூவலுக்குக் காத்திருப்பதுதான்.

"நான் ஏசி போட்டு உக்காந்திருக்கேன். நீ போய் வேலையப் பாரு" என்றார்.

கார் ஸ்பீக்கரில் சத்தம் வந்தால் சமையலறை வரை கேட்கட்டும் என்று, ரேடியோவின் வால்யூமையும் காரின் வால்யூமையும் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டு நான் உள்ளே போனேன். அவருக்கு நாலு நாளைக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். கொள்ளுப் பருப்பை ஒரு டப்பாவிலும் பருப்புப் பொடியை ஒரு டப்பாவிலும் போட்டு மூடிக்கொண்டிருந்தபோது வெளியே இடி விழுந்தது.

மூன்று ஆம்பிளைகள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. வெண்பா மாடியிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா! வாட் இஸ் தட்? இட்ஸ் சோ லவுட்!"

"வந்துருச்சுடி!" என்று நான் சிரித்துக்கொண்டே வெளியே ஓடினேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பதினோரு மாதத்தில் ஒரு காரியம் நினைத்தபடி நடந்திருக்கிறதே என்று இருந்தது.

கார் ஆடிக்கொண்டிருந்தது, அத்தனை சத்தம். உள்ளே அவர் டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில் கிடந்தன. தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்திருந்தது.

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கதவைத் திறந்தேன். சத்தம் முகத்தில் அறைந்தது. அவர் அசையவில்லை. ஒரு கணம் என்ன நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சூடாக, சீராக வந்துகொண்டிருந்தது.

தூங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

"அப்பா!" என்று தோளைத் தொடப் போன வெண்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ரேடியோவில் ஒருவன் இன்னொருவனைப் பொய் சொல்கிறாய் என்று கத்தினான், மூன்றாமவன் மேஜையைத் தட்டினான். நாய் குரைத்தது. எதிர்வீட்டுக்காரி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று நான் நின்றேன். ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் நின்றிருப்பேன். இப்போது கண்ணைத் திறப்பார், இப்போது திறப்பார் என்று பார்த்தேன். புருவம்கூட நெளியவில்லை.

"இஸ் ஹீ ஓகே?" என்றாள் வெண்பா. அவள் குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"டயர்டா இருக்காரு கண்ணு."

கையை நீட்டிச் சாவியைத் திருப்பி உருவினேன். இன்ஜின் நின்றது, ஏசி நின்றது, அந்த மூன்று பேரும் பாதி வார்த்தையில் நின்றார்கள். அந்த அமைதியில்தான் அவர் திடுக்கிட்டுக் கண் விழித்தார். கை தானாகப் போய் ஸ்டீரிங்கைப் பிடித்தது. எங்கே இருக்கிறோம் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"என்ன அம்மிணி, சிக்னல் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. முழு சத்தத்துல கத்துச்சு. நீங்கதான் எந்திரிக்கல."

அவர் ரேடியோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெண்பாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்திருக்க வேண்டும். உள்ளங்கையால் கண்ணை அழுத்தித் தேய்த்துக்கொண்டார். அப்புறம் சாவிக்காகக் கையை நீட்டினார். நான் விரலை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"நாளைக்கு நீங்க போகலீங்க."

"வெளையாடாத தென்றல். ஒன்பது மணிக்கு மீட்டிங். அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"தூக்கம் வருதுன்னு சொல்லுங்க."