ஓட்டையைச் சொல்ல வந்தவள்

இந்தக் காலத்தில் எவனுக்கும் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது என்றே தெரியவில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வருகிறான், நிமிராமல் பேசுகிறான், பதில் சொல்லி முடிப்பதற்குள் போய்விடுகிறான். இலவசம் என்று எழுதியிருந்தால் விஷத்தைக்கூட இரண்டு பாட்டிலாக வாங்கி அடுக்குகிறான். பட்டறையின் முன்மேசையில் உட்கார்ந்து பெரியவர் நாள் முழுக்க நினைப்பது இதைத்தான். தெருவில் அவருக்குப் பெயர் 'பூட்டு'. பூட்டிய கதவை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

பட்டறை அவர் மகளுடையது. மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்து, மோட்டாரைத் தானே ஓடவிட்டுத் தானே நிறுத்தும் சின்னப் பெட்டிகளை அங்கே செய்தார்கள். மூடி போட்டுத் திருகாணி முறுக்குவது பெரியவர் வேலை. உள்ளே ஓடும் மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டி, இணையம் வழியே எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்புவது மகள் வேலை. அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று திறந்தே வைத்திருந்தாள். ஓபன் சோர்ஸ் என்றாள். பெரியவருக்கு அது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

"ஏம்மா, வீட்டுக்கு எங்க கதவு, எங்க ஜன்னல்னு படம் போட்டுத் தெருவுல ஒட்டுவாங்களா?"

"நாலு பேர் பாத்தாதான்பா எந்தச் சுவர் விரிசல் விட்டிருக்குன்னு சொல்லுவாங்க."

"நாலு பேர்ல மூணு பேர் கடப்பாரையோட வருவான்."

"மிச்சம் ஒருத்தர் இருக்காங்கல்ல? அவங்களுக்காகத்தான்."

அந்த ஒருத்தர் ஒருநாள் வரத்தான் செய்தார். மகள் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் பெட்டி மாட்டப் போயிருந்த நேரம். தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நெட்டையாக ஒரு பெண் வாசலில் நின்றாள்.

"இங்க சாஃப்ட்வேர் பாக்கறவங்கள பாக்கணும். போன் பண்ணேன். யாரோ ஒருத்தர் எடுத்து, 'எதுவும் வேணாம்'னு வெச்சுட்டாரு."

எடுத்தவர் இவர்தான். "என்ன விஷயம்?"

"உங்க பெட்டியில ஒரு ஓட்டை இருக்குங்க ஐயா."

"நான் மூடி போட்ட பெட்டியில எறும்பு நுழையாது."

"அந்த ஓட்டை இல்லீங்க. விவரத்த அவங்ககிட்ட தனியாத்தான் சொல்லணும். சரி பண்ண டைம் தருவேன். அதுக்கப்புறம் எல்லாருக்கும் சொல்லிடுவேன்."

தனியாகப் பேசணும். தவணை தருவேன். அப்புறம் ஊருக்குச் சொல்லிவிடுவேன். மூன்றையும் கூட்டிப் பார்த்த பெரியவருக்கு ஒரே விடைதான் வந்தது.

"எவ்வளவு வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க."

ஒன்றும் வேண்டாம் என்கிறவன்தான் பிற்பாடு அடிமடியில் கை வைப்பான் என்பது அவர் பட்டறிவு. எழுந்து வாசலுக்கு வந்தார். எதிரே பஞ்சர் ஒட்டுகிறவருக்கும், டீக்கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி குரலை ஏற்றினார்.

"பாருங்கய்யா! படிச்ச புள்ள, மிரட்டிச் சம்பாதிக்க வந்திருக்கு. திருட்டுக் கழுத!"

"போலீஸக் கூப்பிடவா, பூட்டு?" என்றார் பஞ்சர்க்காரர். கூட்டம் சிரித்தது.

அவள் முகம் சுண்டிப்போனது. தலைக்கவசத்தை மாட்டி, கண்ணாடியையும் இறக்கிக்கொண்டாள். வண்டி உடனே கிளம்பித் தொலைக்கவில்லை. அவள் உதைக்க உதைக்க, ஒவ்வொரு உதைக்கும் டீக்கடை சிரித்தது.

மகளிடம் பெரியவர் இதைச் சொல்லவில்லை. வந்த பீடையை வாசலோடு அனுப்பியாயிற்று, இதில் சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் ஒரு நடுப்பகலில் பெட்டிகளுக்கெல்லாம் பேய் பிடித்தது. நிறைந்த தொட்டிக்கு மோட்டார் ஓடியது. ஒரு அடுக்குமாடியில் தண்ணீர் படியிறங்கி வாசலுக்கு வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் வற்றிய கிணற்றில் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிவிட்டது. மகளின் கைப்பேசி ஓயவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து தேடித் தேடிப் பார்த்தவள், கடைசியில் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

"முத்திரைய உள்ளயே வெச்சு அனுப்பிட்டேன்பா."

"என்ன முத்திரை?"

"நான் அனுப்பற பொட்டலத்துல என் ரகசிய முத்திரை இருந்தாத்தான் பெட்டி ஏத்துக்கும். போன தடவ அவசரத்துல, வேண்டியத மட்டும் எடுக்காம, ஃபோல்டரை அப்படியே கட்டி வெளிய வெச்சுட்டேன். முத்திரையும் அதோட போயிடுச்சு. எவனோ அத எடுத்து, தன் பொட்டலத்துல குத்தி நம்ம பெட்டிக்கெல்லாம் அனுப்பியிருக்கான்."

"திறந்து வெக்காதேன்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"திறந்து வெச்சது தப்பில்லப்பா. வெக்கக் கூடாதத வெச்சதுதான் தப்பு. ஆனா நல்லவங்க ஒருத்தர் கண்ணுலகூடவா படல? பட்டா நேரா நம்மகிட்ட தனியா வந்து சொல்லுவாங்க. சரி பண்ண டைம் தருவாங்க. அப்புறம்தான் வெளிய சொல்லுவாங்க. இந்தத் தொழில்ல அதாம்பா முறை."

பெரியவர் கையிலிருந்த பெட்டிக்குத் திரும்பினார். முறுக்கிய திருகாணியையே மறுபடி முறுக்கினார். மரை கழன்று, திருகாணி கையோடு வந்தது.

மகள் தன் தொழில்காரர்கள் கூடும் இணையதளத்தில் உதவி கேட்டு எழுதினாள். மறுநாள் காலை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றியதும் பெரியவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அவளேதான்.

இனி பெட்டிகள் இணையம் வழியே வரும் பொட்டலத்தை நம்பக் கூடாது, ஒவ்வொன்றையும் கையால் திறந்து புது முத்திரை ஏற்ற வேண்டும் என்றார்கள் இரண்டு பெண்களும். முதலில் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆயா ஒருத்தி வாளியோடு படியேறிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் பெட்டிக்காரங்களா? நல்லா இருங்க. என் முட்டி ரெண்டும் உங்க பேரச் சொல்லுது."

பெரியவர் வாளியை வாங்கப் போனார். "வேணாம், நீங்க வந்த வேலைய பாருங்க" என்று அவள் கையைத் தட்டிவிட்டாள்.

மொட்டைமாடியில் பெரியவர் மூடியைக் கழற்ற, அந்தப் பெண் வயரைச் செருகினாள். மகள் சாதாரணமாகக் கேட்டாள்: "இத முன்னாடியே நீங்க பாத்தீங்களா?"

அவள் பெரியவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வயரைப் பார்த்தாள். "பாத்தேன். சொல்லலாம்னு வந்தேன். அப்ப பட்டறையில ஆள் இல்ல."

அவள் திட்டியிருந்தால் பெரியவர் திருப்பித் திட்டியிருப்பார், அதோடு கணக்கு முடிந்திருக்கும். இவரைக் காப்பாற்ற அவள் பொய் சொல்கிறாள். வெயிலில் அவருக்குக் காது மடல் வரை எரிந்தது. கழற்றிய மூடியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று மறந்துபோய், அதையே பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசிப் பெட்டியையும் முடித்துப் பட்டறைக்குத் திரும்பியதும் மகள் ஒரு அறிவிப்பு எழுதத் தொடங்கினாள். தப்பு தன்னுடையது, நடந்தது இன்னது என்று ஒளிக்காமல் எழுதினாள்.

"இத யாரு படிப்பாங்க?" என்றார் பெரியவர்.

"வாங்கினவங்க, வாங்காதவங்க, எல்லாரும்."

"தவள தன் வாயாலதான் கெடுமாம்."

"மறைச்சா மட்டும் கெடாதாப்பா? ஒளிக்காம சொன்னாத்தான் ஊர் நம்மள நம்பும்" என்றபடி தட்டச்சினாள். "முன்னாடி யாராவது எச்சரிச்சாங்களான்னும் போடணும். 'முன்கூட்டியே எவரும் தெரிவிக்கவில்லை.' சரிதானே?"

நெட்டைப் பெண் தரையைப் பார்த்தாள். பெரியவர் கணினிப் பக்கம் வந்தார்.

"அது பொய்" என்றார்.

"எதுப்பா?"

"இந்தப் புள்ள வந்துச்சு. நான்தான் விரட்டினேன். மிரட்ட வந்திருக்குன்னு நெனச்சேன்."

மகள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "என்ன சொல்லி விரட்டினீங்க?"

அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்ட குரல் இன்றைக்கு மேசையைத் தாண்டவில்லை. "நா கூசுதும்மா. கேக்காத."

"விடுங்க, அவருக்கு என்ன தெரியும்" என்றாள் நெட்டைப் பெண். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அது இன்னும் ஆழமாகத் தைத்தது.

மகள் கத்தவில்லை. எழுதிய வரியை அழித்தாள். வேறொன்று எழுதி, வாய்விட்டுப் படித்தாள்: "இதைக் கண்டறிந்தவர் முன்பே நேரில் வந்தார். அவரை அவமதித்துத் திருப்பி அனுப்பினோம்."

"அனுப்பினோமா? நீ எங்க அனுப்பின? எம்பேர்ல எழுது."

"பட்டறை ஒண்ணுதான்பா."

பெரியவர் அந்தப் பெண்ணோடு வாசலுக்கு வந்தார். அவள் வண்டியில் ஏறுமுன் எதிர்க்கடையைப் பார்த்துச் சொன்னார்: "யோவ், அன்னிக்கி நான் கத்தினது பொய். இந்தப் புள்ள நமக்கு நல்லது சொல்லத்தான் வந்துச்சு."

"அப்ப கழுத யாரு, பூட்டு?" என்றார் பஞ்சர்க்காரர்.

"கேக்கணுமா? பாத்தாத் தெரியலையா?"

டீக்கடை சிரித்தது. அவர் தலையைக் குனிந்தபடி நின்று வாங்கிக்கொண்டார். பிறகு அவளிடம், "மன்னிச்சுக்கம்மா" என்றார்.

"சரிங்க ஐயா. இனிமே யாராச்சும் ஓட்டைன்னு வந்தா?"

"உள்ள உக்காரவெச்சு, சொல்றதக் கேட்டு, மககிட்ட சொல்லுவேன்."

"நம்புவீங்களா?"

"கேக்கறது வேற, நம்பறது வேற."

உள்ளே மகள் அறிவிப்பை வெளியிட்டுவிட்டாள் போலிருந்தது. "போட்டாச்சுப்பா, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். அவர் போகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். தன் குற்றத்தைத் தானே எழுதித் தெருவில் ஒட்டினால் ஊர் நம்புமாம். அவருக்குத் தெரிந்த ஊர் அப்படிப்பட்டதில்லை.