நாற்பத்திரண்டு பாட்டும் இரண்டு பிளாப்பியும்

அந்த 286 கம்ப்யூட்டர் கோவில்பதாகை வீட்டுக்கு வந்து சேர்ந்த அழகை இன்றைக்கு நினைத்தாலும் எத்திராஜுக்குச் சிரிப்பு வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் ஃபிட்டராக இருந்த கம்பெனி கழித்துக்கட்டிய பெட்டி அது. சைக்கிள் கேரியரில் கட்டி, ஆவடி தாண்டித் தள்ளிக்கொண்டே வந்தான். "ஊட்ல அடைசல் பத்தலன்னு இது வேறயா?" என்று மனைவி தாட்சாயிணி தலையில் அடித்துக்கொண்டாள். ஆறே மாதத்தில் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டவளும் அவள்தான்.

ஆடியில் கூழ் ஊற்றும்போது அம்மன் கோவிலில் பாட, அவளே பாட்டுக் கட்டுவாள். காலண்டர் தாள்களின் பின்பக்கம் கிறுக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒற்றை விரலால் தமிழில் அடித்து ஏற்றினாள். மொத்தம் நாற்பத்திரண்டு. ஏற்றியாயிற்றே என்ற தெம்பில் தாள்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாள், புண்ணியவதி.

தொண்ணூற்றாறில் எத்திராஜுக்குப் புது விண்டோஸ் மேல் ஆசை வந்தது. அது 286-இல் ஓடாது. பதினாறு பிட் மூளையை எடுத்துவிட்டு முப்பத்திரண்டு பிட் மூளை வைக்க வேண்டும். 486 போர்டு ஒன்று தேடிப் பிடித்து வந்தான். ஹார்டு டிஸ்க்கைச் சுத்தமாக அழித்தால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும்.

"என் பாட்டுய்யா?"

"ஒண்ணுக்கு ரெண்டா பிளாப்பில ஏத்திக்கீறேன். பயப்படாத."

மறுநாள் ஆயுத பூஜை. எத்திராஜ் வாசலில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே தாட்சாயிணி ஸ்பேனர், சுத்தியல், அரிவாள்மனை, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். பூஜை முடிந்ததும் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தாள்.

விஜயதசமியன்று தொட்டது துலங்கும் என்று காலையிலேயே உட்கார்ந்தான். போர்டை மாற்றி, டிஸ்க்கை அழித்து, புதியதை ஏற்றி முடிக்க மதியமாகிவிட்டது. திரை பளிச்சென்று வந்தது. அட, என்ன சந்தோஷம்! பாட்டு பிளாப்பியைக் காகித உறையிலிருந்து உருவி, பார்க்காமலே சொருகினான். டிரைவ் கரகரவென்று அரைத்தது. வெளியே இழுத்தான். நீள ஓட்டை வழியே தெரியும் கறுப்புத் தகட்டின் மேலேயே சந்தனம் காய்ந்து, குங்குமம் தேய்ந்து கோடாகியிருந்தது. இரண்டாவதிலும் அதே இடத்தில் அழகாக ஒரு பொட்டு. உறையோடு வைத்தால் சாமிக்குத் தெரியாதென்று மகராசி கழற்றி வைத்திருக்கிறாள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் ஒரு பாட்டுகூடத் தேறவில்லை.

பொரிகடலைத் தட்டோடு வந்தாள். "வந்துச்சா?"

பிளாப்பிகளைத் தொடைக்கடியில் தள்ளினான். "காப்பி சரியா ஏறல தாட்சா. பாக்காம அழிச்சிட்டேன்."

"அடப்பாவி மனுசா! எட்டு வருசப் பாட்டுய்யா அது!"

இரண்டு நாள் சோற்றுத் தட்டு ணங்கென்று வந்து விழுந்தது. மூன்றாம் நாள் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நெனப்பு கீறத சொல்றேன். அடி."

அவள் பாடப் பாட இவன் அடித்தான். ஒரு வாரத்தில் முப்பத்து மூன்று வந்தது. "பருத்திப்பட்டு ஏரி தாண்டி பாதம் வெச்சு வந்தவளே" என்று அடுத்ததைத் தொடங்கியவளுக்கு இரண்டாவது அடி வரவேயில்லை. முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

எத்திராஜால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமென்று, "தாட்சா, அந்த பிளாப்பில..." என்று ஆரம்பித்தான்.

"உடுய்யா. நீ அழிச்சங்காட்டி ரெண்டு திட்டு திட்டி ஆத்திக்கினேன். இதே என் கையால போயிருந்தா, ஆத்தா மூஞ்சில எப்டி முழிப்பேன்? பாடறதையே உட்டிருப்பேன்."

"பாத்துட்டு அழிச்சிருக்கணும்" என்று, ஆரம்பித்ததை அவன் மாற்றி முடித்தான்.

அதற்கப்புறம் எத்தனையோ ஆடி வந்து போயிற்று. பாடுவதற்கு முன்னால், "இந்த மனுசன் ஒம்போது பாட்ட முழுங்கினாரு" என்று கூழ் வாங்க நிற்கும் ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். எத்திராஜ், "ஆமா, முழுங்கிட்டேன்" என்பான்.