மாற்றிச் செருகிய ரிசீவர்

ஞாயிறுதோறும் எழிலின் ஆபீஸ் நண்பர்கள் கோவிலம்பாக்கத்தில் அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் கால்பந்து ஆடக் கூடுவார்கள். அந்த வாரம் ஓர் ஆள் குறைந்ததால், கையில் பிடித்து ஆடும் வயர்லெஸ் கன்ட்ரோலரை அவன் மனைவி ஜெரூஷாவிடம் கொடுத்தார்கள். பகலில் தனியாக ஆடிப் பழகியிருந்தாள் போலும். எழிலை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டாள்.

"மச்சான், இனிமே நீ உக்காந்து பாரு, சிஸ்டர் ஆடட்டும்," என்றான் சுஃபியான். எல்லோரும் சிரித்தார்கள். எழிலும் சிரித்தான்.

மறுநாள் காலை, கம்ப்யூட்டருக்குப் பின்னால் கைவிட்டு, கன்ட்ரோலரின் சிக்னலை வாங்கும் நகத்தளவு ரிசீவரைப் பிடுங்கி ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டான். அதேபோல் இருந்த பழைய வயர்லெஸ் மவுஸின் ரிசீவரை அந்த இடத்தில் செருகினான்.

சாயந்திரம் ஜெரூஷா வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏங்க, கன்ட்ரோலர்ல லைட் மினுக்கிக்கிட்டே இருக்கு, கனெக்ட் ஆக மாட்டேங்குது. கம்ப்யூட்டர் அதை மவுஸுன்னு காட்டுது."

"ஏதாவது அப்டேட் வந்திருக்கும். கன்ட்ரோலரை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் குழம்பியிருக்கும். பழைய மாடல்தானே, சப்போர்ட்டை நிறுத்தியிருப்பாங்க."

அவள் விடவில்லை. தேடித் தேடி டிரைவர்களை இறக்கினாள். இருந்ததை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். தாம்பரத்தில் ஒரு கடைக்காரரிடமும் விசாரித்து வந்தாள். எழில் சோபாவில் படுத்தபடி, "இன்னொரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாரேன்" என்பான். செய்வாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் திரையையே பார்த்திருப்பது அவனுக்குச் சுகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் அவள் கை வைக்கவில்லை. "டிரைவரை அழிச்சேன்ல, அதுல நான்தான் கெடுத்துட்டேன். நீங்க ஆசையா வாங்கினது. மன்னிச்சிடுங்க."

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பை கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

"பரவால்ல விடு," என்றான். "தெரியாததுல கை வைக்காத, அவ்வளவுதான்."

ஞாயிறன்று நண்பர்கள் வருமுன் சரியான ரிசீவரைச் செருகிவிட்டு, "நல்ல டிரைவர் ஒண்ணு கெடச்சுது" என்றான். ஜெரூஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பாடா," என்றாள்.

சுஃபியான் கன்ட்ரோலரை அவளிடம் நீட்டினான். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாண்ணா. நான் தொட்டா கெட்டுப்போயிடும்."

எழில் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டான். அவன் போட்ட ஒவ்வொரு கோலுக்கும் பின்னால் நின்று அவள் கைதட்டினாள். அன்றைக்கு அவன் மிக நன்றாக ஆடினான்.