உடையாத, உடைக்க முடியாத

இருந்தவர்கள்: எங்கள் முதலாளி திருமலைசாமி. கதவு மாட்டும் ஷாநவாஸ். வீட்டுக்காரர் பழனாத்தாள், வயது அறுபத்தாறு. பக்கத்துத் தோட்டத்து அன்புச்செல்வி, வலது கையில் கட்டோடு. நான், நோட்டீசும் ரிப்போர்ட்டும் எழுதுகிறவன். பழனாத்தாளின் மகன் அருள்குமார் வரவில்லை. ஓசூரிலிருந்து கதவைப் பற்றிப் புகார் மட்டும் அனுப்பியிருந்தார்.

வாங்கியவர் பெயர் என்ற இடத்தில் பில்லில் இருந்தபடி காளிச்சாமி என்று எழுதினேன், பழனாத்தாளின் கணவர். பக்கத்தில் 'இறந்துவிட்டார்' என்று சேர்த்தேன். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

தொண்டாமுத்தூர் தாண்டி, மலைக்குக் கீழே, தென்னைக்கு நடுவில் ஒற்றை வீடு. போன வருடம் யானை ஒன்று மரக்கதவை முட்டித் தள்ளிவிட்டு ரேஷன் அரிசி மூட்டையை இழுத்துப் போனது. அதற்குப் பிறகுதான் காளிச்சாமி எங்கள் இரும்புக் கதவை வாங்கினார். உள்ளே ஒரு பிடி இருக்கும். திருப்பினால் நாலு பக்கமும் கம்பி சுவருக்குள் போய்விடும். இருபக்கமும் சாவி போடும் பூட்டு தனி.

எங்கள் நோட்டீசில் முன்பு 'உடையாத கதவு' என்றுதான் இருந்தது. நான் மில்லில் நைட் ஷிப்ட்டை விட்டுவிட்டு இங்கே சேர்ந்த முதல் வாரம், "சொல்லு சப்புனு இருக்குதுப்பா, இன்னும் கெட்டியா ஒண்ணு போடு" என்றார் முதலாளி. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அசையாத, வளையாத, வீழாத, தகர்க்க முடியாத, வெல்ல முடியாத, உடைக்க முடியாத. கடைசிச் சொல்லின் மேல் விரலை வைத்தார். அதையே அச்சடித்தோம், கீழே ஒரு யானைப் படத்தோடு.

கதவின் பூட்டுப் பக்கம் பெயிண்ட் உரிந்து கடப்பாறைத் தடங்கள். முப்பத்தொன்று எண்ணினேன். முதலாளி கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு சொட்டை விழுகல பாரு," என்று ஷாநவாஸிடம் சொல்லிவிட்டுப் போனை எடுத்து இரண்டு படம் பிடித்தார்.

"நல்லா எடுங்க," என்றாள் அன்புச்செல்வி. "என் கையையும் சேத்து எடுத்துக்கங்க. உங்க கதவுக்கு அதுவும் ஒரு விளம்பரந்தான?"

முதலாளி போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்க அம்மணி. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"காத்தால பால் கொடுக்க வந்தேனுங்க. அக்கா வெள்ளகோவில்ல சீருக்குப் போயிருந்தாங்க. மாமா உள்ள மொனகறது கேட்டுச்சு. கதவுக்கு அந்தப் பக்கமே கெடந்திருக்கறாரு. பிடி எட்டல. கீழயிருந்து ரெண்டு தட்டு தட்டுனாரு. நானும் எங்கூட்டுக்காரரும் மாத்தி மாத்தி குத்துனோம். அப்புறம் கட்டர் கொண்டாந்து ஜன்னலை அறுத்தோம். கட்டர் வரவே முக்கா மணி நேரம்." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டாள். "அதுக்குள்ள தட்டறது நின்னுபோச்சு."

பழனாத்தாள் ஓர் அடி முன்னால் வந்தார். "ஏனுங்க," என்றார் முதலாளியிடம். "வெளிய இருந்து தொறக்கற மாதிரி ஒரு வழி பண்ணிக் கொடுங்க. சாவிய அன்புகிட்ட கொடுத்து வெச்சுக்கறேன். இனி நானும் ஒத்தையாத்தான கெடக்கோணும்."

ஷாநவாஸ் மண்டி போட்டுக் கதவின் உள்பக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "முடியாதுங்கம்மா. கம்பி போட்டுட்டா வெளிய இருந்து ஒண்ணும் பண்ண முடியாது. ஓட்டை போட்டோம்னா கம்பி நிக்காது."

"வெளிய இருந்து தொறந்தா அப்புறம் அது சாதாக் கதவுதானுங்க," என்றார் முதலாளி. கேலியாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

"அப்படின்னா கழட்டிக் கொண்டு போயிருங்க. மரத்துல போட்டுக்கறோம்," என்றாள் அன்புச்செல்வி.

பழனாத்தாள் வேண்டாம் என்று கையை அசைத்தார். "முந்தாநாள்கூட ஆனை உன்ற வாழைக்குள்ள நின்னுச்சேடி. அந்த மரக்கதவு இருந்தப்ப ஆனை உள்ள வந்துச்சு. இது இருக்கறப்ப நீ வர முடியல. நான் எதைப் போட்டுட்டுப் படுக்கட்டும்?"

அவர் உள்ளே போய் மடித்து வைத்திருந்த எங்கள் நோட்டீசை எடுத்து வந்தார்.

"இதை எழுதுனது ஆருங்க?"

"நான்தானுங்க," என்றேன்.

"அவரு இதைச் சத்தமாப் படிச்சுக் காட்டுனாரு. உடைக்க முடியாதுன்னா, ஆரால கண்ணு?"

உடையாத என்றால் அங்கே கதவு மட்டும்தான் இருக்கிறது. உடைக்க முடியாத என்றால் வெளியே ஒரு ஆள் நின்று உடைத்துக்கொண்டிருக்கிறான். அந்த ஆளை நிற்க வைத்தது நான். யார் என்று பார்க்கவில்லை. யானை என்று நினைத்தேன், திருடன் என்று நினைத்தேன். பால் செம்போடு வந்தவளை நினைக்கவில்லை.

"ஆராலயும் முடியாதுங்க."

"அன்புனாலயுமா?"

"ஆமாங்க."

அவர் நோட்டீசைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

'கதவில் குறை எதுவும் இல்லை' என்று எழுதச் சொன்னார் முதலாளி. எழுதினேன். அது பொய் இல்லை. அன்புச்செல்வி மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டாள். முதலாளியும் ஷாநவாஸும் வேனில் ஏறிக்கொண்டார்கள். கையெழுத்து வாங்க நான் மட்டும் நின்றேன். பழனாத்தாள் கதவிலேயே தாளை வைத்து, பேனாவை அழுத்தி, பெயரை முழுதாக எழுதினார். மணி ஐந்தரை இருக்கும். மலை நிழல் வாசலைத் தாண்டி வந்துவிட்டது.

"உள்கம்பி போடாதீங்கம்மா," என்றேன். "பூட்டு மட்டும் போட்டுக்கங்க."

"வெறும் பூட்டுக்கு ஆனை நிக்குமா?"

நிற்காது என்று தெரியும். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"பொழுதோட போய்ச் சேருங்க கண்ணு. வழியில நிக்கும்."

நான் படியிறங்கினேன். பின்னால் கதவைச் சாத்தினார். வேன் பக்கம் நாலு எட்டு வைத்தேன். பிறகு பிடி திரும்பியது. நாலு கம்பியும் ஒன்றாகச் சுவருக்குள் போயின. அதற்கு மேல் பூட்டையும் போட்டார், இரண்டு சுற்று.