எட்டு வருஷத்துக்காரி

யாதகிரிக்கு வருஷங்களைக் கூட்டத்தான் தெரியும் என்று அமீர்பேட்டையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரியிலிருந்து நேராக வந்து நிற்கிற பிள்ளைகளுக்கு இல்லாத அனுபவத்தைச் சேர்த்து ரெஸ்யூம் எழுதிக் கொடுத்தே அந்த மனுஷன் ஒரு வீடு கட்டிவிட்டான். இப்போது அவன் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வருகிறவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு வெட்ட வேண்டியிருக்கிறது. வெட்டுவதற்கும் அதே கட்டணம்தான்.

"பதினேழு வருஷம்னு போட்டா ஒருத்தனும் கூப்பிட மாட்டான் மேடம். சம்பளம் ஜாஸ்தி கேப்பீங்கன்னு எடுத்த எடுப்புலயே தள்ளிடுவான். எட்டு வச்சுக்குங்க. எட்டுதான் இப்ப ஓடுது."

"மீதி ஒன்பது வருஷத்த என்ன பண்ணச் சொல்ற?" என்று கேட்டாள் ஹைமாவதி.

"வீட்ல குழந்தைய வளத்துட்டு இருந்தீங்க."

"ரெண்டும்தான்ப்பா பண்ணேன்."

"ரெண்டுல ஒன்னதான் நம்புவாங்க மேடம்."

ஹைமாவதிக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சாஃப்ட்வேரில் என்ன கோளாறு இருக்கிறது என்று வெளியே போவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. முதலில் கையால் சோதித்தாள். அது செல்லாது என்றார்கள், ஒரு கருவி கற்றாள். அந்தக் கருவி பழசாகிவிட்டது என்றார்கள், இன்னொன்று கற்றாள். ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் விட்டு வந்து, சோறு வடித்து வைத்துவிட்டு, பாதித் தூக்கத்தில் படித்தாள். சங்கராந்தி முடிந்த வாரம், இனி இதையெல்லாம் ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அவளுடைய மொத்த டீமையும் ஒரே வீடியோ காலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவனின் மருந்துக் கம்பெனியிலும் ஆள் குறைப்புப் பேச்சு அடிபடுகிறது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு, இண்டர் இரண்டாம் வருஷம். எட்டோ பத்தோ, வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

"சரி, வெட்டு" என்றாள்.

வெட்டின ரெஸ்யூமை யாதகிரியே கம்பெனிகளுக்கு அனுப்பினான். உடனே அழைப்பு வந்தது. இரண்டு சுற்று போனில் முடிந்தது. கடைசிச் சுற்றுக்கு மாதாப்பூர் ஆபீஸுக்கு நேரில் வரச் சொன்னார்கள். தலைக்கு மை பூசிக்கொண்டு, மகளின் குர்த்தா ஒன்றைப் போட்டுக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் ஹெச்.ஆர். பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த மேனேஜர் நிமிர்ந்து பார்த்ததும் ஹைமாவதி வாசலிலேயே நின்றுவிட்டாள். சைதுலு.

தொப்பை போட்டிருந்தான், கண்ணாடி போட்டிருந்தான். ஆனாலும் அவனேதான். அவள் வெட்டிப் போட்ட ஒன்பது வருஷத்துக்குள் இருப்பவன். அவள் டீம் லீடாக இருந்த பழைய கம்பெனிக்கு மூன்று வருஷ அனுபவம் என்று சொல்லிக்கொண்டு வந்தவன். முதல் நாளே ஒரு கோளாறைக் கண்டால் அதை எப்படி எழுதி அனுப்புவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தான். மாடிப்படியில் வைத்து விசாரித்ததும் அழுதுவிட்டான். மூன்று வருஷமும் அமீர்பேட்டையில் வாங்கியது. நல்கொண்டாவில் அப்பா நிலத்தை விற்றுப் படிக்க வைத்தாராம். அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் மத்தியானம் தன் டப்பாவிலிருந்து புளிச்சக்கீரை போட்ட கோங்கூரா சாதத்தில் பாதியைக் கொடுத்து, வேலையையும் சொல்லிக் கொடுத்தாள். அக்கா அக்கா என்று அவள் பின்னாலேயே திரிந்தான்.

இப்போது அவன் காகிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி காகிதத்தைப் பார்த்தான்.

"உக்காருங்க மிஸஸ் ஹைமாவதி. உங்களப் பத்திச் சொல்லுங்க."

முன்பின் பார்க்காதவன் மாதிரி கேட்டான். அவளும் முன்பின் பார்க்காதவள் மாதிரி எட்டு வருஷக் கதையை ஒப்பித்தாள். வெட்கமாக இருந்தது. தனக்காகவா, அவனுக்காகவா என்று தெரியவில்லை.

சைதுலு மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான். "இத எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?"

புதிதாக வருகிற எல்லோரிடமும் அந்தக் காலத்தில் அவள் கேட்ட கேள்வி அது. அவனிடமும் கேட்டிருக்கிறாள். வேறு கேள்வியே கிடைக்கவில்லையா இவனுக்கு என்று எரிச்சல் வந்தது. வந்த எரிச்சலில் தன்னை மறந்துவிட்டாள். மூடி இறுக்கத்தில் ஆரம்பித்தாள். மூட்டுவலிக்காரியால் திறக்க முடியுமா, வெயிலில் கார் சீட்டில் கிடந்தால் என்ன ஆகும், கண் தெரியாதவர் பாதி மட்டும்தான் இருக்கிறது என்று எப்படிக் கண்டுகொள்வார் என்று போய்க்கொண்டே இருந்தாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஹெச்.ஆர். பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேடம், எட்டு வருஷத்துல இவ்ளோ வராதே! இதுக்கு முன்னாடி எங்கயாவது வேலை பாத்தீங்களா? இருந்தா சொல்லுங்க, தப்பில்ல. எங்களுக்கு லீடு போஸ்ட் ஒன்னும் காலியா இருக்கு. அதுக்கு அனுபவம் உள்ளவங்களதான் தேடறோம். எந்தக் கம்பெனின்னு மட்டும் சொன்னா நான் பேசிக்கறேன்."

கம்பெனி பெயர் ஹைமாவதியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பெயரைச் சொன்னால் அந்தப் பெண் திரும்பி, சார் நீங்களும் அங்கதானே இருந்தீங்க, இவங்கள உங்களுக்குத் தெரியாதா என்று கேட்பாள். ஏன் தெரியாத மாதிரி இருந்தீங்க என்பாள். அந்த நூலைப் பிடித்து இழுத்தால் அவனுடைய மூன்று பொய் வருஷமும் அவிழ்ந்துவிடும். சைதுலு பாட்டிலின் லேபிளைக் கிழித்துக்கொண்டிருந்தான். மாடிப்படியில் அழுத அதே முகம்.

"இல்ல மேடம்" என்றாள். "எட்டுதான். கொஞ்சம் படிச்சதுனால பேசிட்டேன்."

பார்க்கிங்கில் ஸ்கூட்டியை எடுக்கும்போது அவன் ஓடி வந்தான்.

"அக்கா..."

"இப்பதான் கண்ணு தெரிஞ்சுதாடா உனக்கு?"

"மன்னிச்சுருங்கக்கா. அங்க எப்படிக்கா... நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன். உங்களுக்கு இல்லாத வேலையா?"

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? கோங்கூரா சாதம் சாப்பிட்ட பிள்ளை. போகிற வழியில் மிர்ச்சி பஜ்ஜி வாங்கிக்கொண்டு போனாள். என்னம்மா விசேஷம் என்று மகள் கேட்டதற்கு, சும்மாதான் சாப்பிடு என்றாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

இரண்டு நாள் கழித்து யாதகிரி வரச் சொன்னான். போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். டீ வரவழைத்ததைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஹெச்.ஆருக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம். மேனேஜர்தான் வேண்டாம்னுட்டாராம்."

"என்ன காரணம் சொன்னாரு?"

யாதகிரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அனுபவம் போதாதாம்."

ஹைமாவதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் நின்றது. கோபப்பட்டுப் பார்த்தாள், வரவில்லை. அவன் பயத்தை அவள் பார்த்திருக்கிறாள். தினமும் எதிர் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தால் அவனால் மேனேஜராக இருக்க முடியாது. வீடு, ஸ்கூல் போகிற பிள்ளைகள் என்று அவனுக்கும் இருக்கும். அதெல்லாம் புரிந்தது. புரிந்தும் மனசு ஆறவில்லை. அந்தக் கண்ணாடி அறையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று லீடு நாற்காலியில் இருந்திருப்பாள். அவனுக்காக விழுங்கினாள். அவள் மறைத்த அந்த ஒன்பது வருஷ ஓட்டை வழியாகத்தான் அவன் அவளையே வெளியே தள்ளியிருக்கிறான்.

"விடுங்க மேடம். வேற எடம் பாக்கலாம்" என்று யாதகிரி ரெஸ்யூமைத் திறந்தான். "எட்டு கம்மியாத் தெரியுதுபோல. பன்னெண்டு ஆக்கிருவோமா? நடுவுல ஒரு கம்பெனி சேத்துக்கலாம்."

"பதினேழும் போடு."

"மேடம்?"

"பதினேழும் போடு. எந்தக் கம்பெனி, எத்தன பேருக்கு லீடா இருந்தேன், எல்லாம். ஒன்னு விடாம."

"ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

"கூப்பிடாட்டிப் போறான்." ஹைமாவதி டீயை மடமடவென்று குடித்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "எட்டு வருஷத்துக்காரியா நடிக்க எனக்கு வயசாயிடுச்சுப்பா."