பதினொன்றில் ஒன்று

அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில் கோர்ட்டுப் படிகளை ஆர்டீலியா ஏழு வருடமாக ஏறி இறங்கினாள். எழுதப் படிக்கத் தெரிந்து என்ன பிரயோஜனம்? வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற, ஏற்கெனவே ஓட்டுள்ள ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் எவரும் வரமாட்டார். கறுப்பரில் ஓட்டுள்ளவர் எஸல் ஒருவர்தான். பிணம் அடக்கும் சொந்தத் தொழில், எந்த முதலாளியும் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது. அவரும் வருடத்துக்கு இரண்டு பேருக்குத்தான் சாட்சி நிற்கலாம் என்று அதிகாரிகள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் கவர்னர் தேர்தல் வந்தது. ஒரு சாட்சியைப் பாதிரியார் வாங்கிக்கொண்டார். மற்றது எஸலின் மனைவி லுவீனியாவுக்கு. நியாயம்தானே என்று ஆர்டீலியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் வயிறு எரிந்தது.

பதிவு நாளன்று காலை லுவீனியாவே வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, தொப்பியை மாட்டுங்க. அவரு வண்டியில காத்திருக்காரு. என் இடத்துல நீங்க போங்க."

"பைத்தியமாடி உனக்கு?"

"எனக்கு முப்பது வயசு. அடுத்த தடவை பாத்துக்கறேன். நீங்க ஏழு வருஷமா அந்தப் படியைத் தேய்க்கிறீங்க, பாக்க முடியல."

ஆர்டீலியா கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அன்று மதியமே பட்டியலில் பெயர் ஏறியது.

எந்த ஆளுக்கு ஓட்டு என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்தே வரவில்லை. பாட்டுக் கச்சேரியோடு ஊர் ஊராக வந்த வேட்பாளர் ஆர்டீலியாவின் கையையும் பிடித்துக் குலுக்கியிருந்தார். அதிலேயே அவள் உருகிப்போனாள். லுவீனியாவுக்கோ, கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கும் பஸ் விடுவேன் என்று சொல்லி அவரை எதிர்த்து நின்ற சிடுமூஞ்சி வக்கீல்தான் பிடித்தம்.

"கையைக் குலுக்கினா பஸ் வந்துருமா அக்கா?"

"உன் வக்கீலுக்குச் சிரிக்கக்கூடத் தெரியாது, போடி!"

ஓட்டு நாளன்று ஆர்டீலியா சீட்டை விரித்ததும் பாட்டுக்காரர் பெயர்தான் முதலில் கண்ணில் பட்டது. பென்சில் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கியது.

பாட்டுக்காரர் அமோகமாக ஜெயித்தார். மறுநாள் கோர்ட்டு வாசல் பலகையில் கணக்கு எழுதியிருந்தார்கள். அவர்கள் ஓட்டுச் சாவடியில் வக்கீலுக்கு வெறும் பதினோரு ஓட்டு.

"உங்க ஆளு ஜெயிச்சுட்டாரு. சந்தோஷமா?" என்றாள் லுவீனியா.

"அந்தப் பதினொண்ணுல ஒண்ணு உன்னோடதுடி" என்றாள் ஆர்டீலியா.

லுவீனியா பலகையை இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் நட்டநடுத் தெருவில் அக்காவைக் கட்டிக்கொண்டாள்.