தையல் இல்லாத வைத்தியம்

“அண்ணா, பெரிய ஆபரேஷனே பண்ணிக்கோங்கோ. வயித்தைக் கிழிச்சு அடியோட எடுத்துட்டா தொல்லை விட்டது” என்றான் சரவணபவன், உருகி உருகி.

கனகாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழுந்தனுக்குக் காபிகூடக் கலக்காமல் நின்றாள். அவள் கணவர் சம்பந்தமூர்த்தி குருக்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி வீங்கி, அபிஷேகத்தின் நடுவில் சொம்பை வைத்துவிட்டுச் சிறுநீர் கழிக்க ஓடும்படி ஆகியிருந்தது. தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் பங்காளிகள் மாறி மாறிச் செய்யும் பூஜையில் கார்த்திகை மாத முறை அவருடையது. தீபத்துக்கு ஊரே திரண்டு தட்டு நிறையும் மாதம். அந்த முறைமேல் தம்பிக்கு வெகுநாளாய்க் கண்.

“வேலூர் டாக்டர் கிழிக்கவே வேண்டாம்னுட்டார்” என்றாள். “மூத்திரம் வர்ற வழியாவே டெலஸ்கோப் மாதிரி ஒரு கருவியை விட்டு, அடைக்கிற சதையைச் சுரண்டி எடுத்துடுவாராம். வெளியில ஒரு தையல் கிடையாது.”

“மெட்ராஸ்ல மெஷின் வெச்சு சூடு காட்டியே சரி பண்றாளாமே?” என்று இழுத்தார் குருக்கள்.

“கேட்டேனே. ஒங்களுக்கு வீக்கம் ஜாஸ்தி, அதுல பலன் கம்மின்னார்.”

“மன்னி டாக்டருக்கே படிச்சாச்சு போல!”

“படிக்கலைடா, பார்த்திருக்கேன். ஒங்க சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனப்போ என்ன சொன்னே? கத்தி பட்ட உடம்பு, சுவாமியைத் தொடப்படாதுன்னே. அவர் முறை இப்போ யார்கிட்ட இருக்கு?”

சரவணபவன் முகம் கறுத்தது. “சாஸ்திரத்தைச் சொன்னேன்.”

“இவரைக் கிழிச்சுக்கச் சொல்றது எந்த சாஸ்திரம்?”

“சுரண்டினாலும் கத்திதான். மூத்திரம் போகக் குழாய் வேற மாட்டுவான். பங்காளிகளைக் கூட்டிச் சொல்லத்தான் போறேன்.”

“குழாயை ரெண்டு மூணு நாள்ல எடுத்துடுவா. ஆறு வாரம் குடம் தூக்காம இருந்தா போதும். கார்த்திகைக்கு இன்னும் மூணு மாசம் கிடக்கு. கூட்டேன், எல்லாரையும் கூட்டு! காயம் எங்கேன்னு இவர் வேஷ்டியை அவுத்து நீயே காட்டு!”

குருக்களுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்த வேகத்தில் முட்டிக்கொண்டு வர, கொல்லைக்கு ஓடினார். வெகுநேரம் நின்றும் நாலு சொட்டுதான். திரும்பி வந்தவர் முகத்தில் சிரிப்பில்லை.

“கனகம், பையை எடுத்து வை. நாளைக்கே வேலூர்.” தம்பி பக்கம் திரும்பினார். “பங்காளிகளைத் தாராளமாக் கூட்டுடா. சித்தப்பா முறையை நீ பிடுங்கிண்ட கதையையும் அன்னிக்கே பேசிடலாம்.”

“அண்ணா, அதுக்கும் இதுக்கும்...”

“கூட்டறியா, இல்லையா?”

சரவணபவன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. கனகாம்பாளும் போய்ட்டு வா என்று சொல்லவில்லை.